நீ சொன்னா சரிதான்

பொய் சொல்ல எங்கள் குப்பத்தில் யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. நேற்றுச் சாயங்காலம் கரைக்கு வந்த சங்கரா மீனை, "இப்பத்தான் போட்லேந்து எறங்குச்சு, கண்ணப் பாரு, உன்னையே மொறைக்குது" என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்து விற்கிறவர்கள் நாங்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கு, எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஒரு மனுஷியை நர்சாக அனுப்பி வைத்தார்கள். விளங்குமா?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் குப்பம் கடப்பாக்கத்துக்கு வடக்கே. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக மணலில் காலை இழுத்து இழுத்து நடந்து வரவேண்டும். நர்சம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தோளில் பை தொங்க, நெடுநெடுவென்று, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி வருவார். சொந்த வீடு கூடுவாஞ்சேரியில். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, ஒரே மகள் படித்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கக் கடப்பாக்கத்தில் ஓர் அறையில் தங்கியிருந்து சனிக்கிழமை ஊருக்குப் போவார். பெயர் இல்லாமலா? புடவையில் குத்தியிருந்த அட்டையில் எழுதியிருந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. என் கையால் அதை எழுத எனக்கு யோக்கியதை போதாது.

எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே பதில்தான். "நீ சொன்னா சரிதான்."

எங்கள் தெருவில் ஒருவன், குடிகாரன், பெண்டாட்டிக்கு நாலாம் மாதம். நர்சம்மா அவனிடம், வீட்டில் தகராறு பண்ணாதே என்று சொல்லப் போனார். அவன் தள்ளாடிக்கொண்டே, "நானா? நான் மாலை போட்டுகினு கீறேன் நர்சம்மா, மலைக்குப் போறேன்" என்றான். கழுத்து வெறுங்கழுத்து. "மாலை எங்கப்பா?" என்று கேட்டார். "தோச்சுக் காயப் போட்டுகீறேன்" என்றான். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நீ சொன்னா சரிதான். நல்லபடியா போய்ட்டு வா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் அந்தப் படுபாவி நிஜமாகவே மாலை போட்டுக்கொண்டு கருப்பு வேட்டியில் நின்றான். ஏன்டா என்று கேட்டதற்கு, "அந்த அம்மா கும்புட்டுட்டுப் போச்சுப்பா, பேஜாராப் போச்சு" என்றான்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பீடி குடிப்பார்கள். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் படகு வரும்வரை பனிக்காற்றில் கரையில் குந்தியிருந்து பார்த்தால் தெரியும். பல்வலிக்குப் பீடி, வாய்வுக்குப் பீடி, கருவாட்டு நாற்றத்துக்குப் பீடி. வயதான பெண்கள் சுருட்டு. வயிற்றில் பிள்ளை தங்கிக் குமட்டல் ஆரம்பித்தால், "ரெண்டு இழுப்பு இழு, அடங்கிடும்" என்று கொடுப்பதே மாமியார்தான். எனக்கும் மாமியார் கொடுத்துத்தான் பழக்கமானது, கல்யாணமான புதிதில், ஒரு பல்வலிக்கு.

முன்பிருந்த நர்ஸ்கள் இதற்குத் திட்டுவார்கள். "த்தூ, பொம்பளையா நீ" என்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "வுட்டுட்டேன்மா" என்போம். வெளியே வந்து பற்றவைப்போம். இவர் வந்து அந்த வழக்கத்தையே புரட்டிப்போட்டார். கர்ப்பிணி அட்டை போட வருகிறவளிடம் முதலில் வயிற்றைப் பார்க்கமாட்டார். இரண்டு உள்ளங்கைகளையும் சூடு வரத் தேய்த்துக்கொண்டு, ஒற்றை விரலால் வயிற்றில் கதவைத் தட்டுவதுபோல் தட்டி, எங்கள் பேச்சிலேயே, "யாரு வூட்ல?" என்பார். சிரிக்காதவள் கிடையாது. அப்புறம் சாதாரணமாக, "ஒரு நாளைக்கு எத்தனை பீடிடி?" என்பார். சொன்ன கணக்கை அப்படியே எழுதிக்கொள்வார். மடியிலிருக்கும் கட்டைக் கேட்டு வாங்கி, அதன்மேல் அவள் பெயரெழுதிய சீட்டைச் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். "தூக்கிப் போடமாட்டேன். உன் பொருள். புள்ள பெத்து, பாலு மறந்தப்புறம் வந்து கேளு, குடுக்கறேன். நடுவுல முடியலன்னாலும் வா. என் எதிருல ஒக்காந்து குடி. ஒளிஞ்சு மட்டும் குடிக்காத" என்பார்.

அப்படி வந்தவர்களும் உண்டு. டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து, தீப்பெட்டியும் சேர்த்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மகள் பரீட்சை, ரயிலில் நடந்த சண்டை, கத்திரிக்காய்க் குழம்பு என்று பேச ஆரம்பிப்பார். பாதிப் பேர் பற்றவைக்க மறந்து, திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் மேலதிகாரி சோதனைக்கு வந்து அந்த டின்னைத் திறந்துவிட்டார். "இது சுகாதார நிலையமா, பெட்டிக்கடையா?" என்று கத்தியது கரைவரைக்கும் கேட்டது. நர்சம்மா, "என்னுது இல்ல சார். இவங்க என்னை நம்பிக் குடுத்தது. தூக்கிப் போட்டா அப்புறம் எவ குடுப்பா?" என்றார். அதிகாரி டின்னை மூடிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரி ஒருத்தி, என் வயசுக்காரி, ஐந்தாம் மாதம். "நேத்துலேந்து ஒண்ணுகூட இல்லம்மா" என்று கூசாமல் சொன்னாள். வாயில் புகை வாடை இன்னும் போயிருக்காது. நர்சம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "நீ சொன்னா சரிதான். எனக்கு இன்னிக்கு மனசு நெறஞ்சு போச்சுடி" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். இவள் வீட்டுக்குள் போனாள், வந்தாள், சோற்றில் கை வைத்தாள், எடுத்தாள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்பு வழியாக ஓட்டம். நான் என்னவோ ஏதோவென்று பின்னால் ஓடினேன். பஸ் கிளம்பிவிட்டது. கையை ஆட்டி நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து, "நர்சம்மா! காத்தால ரெண்டு குடிச்சேன்மா! பொய் சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நர்சம்மா இறங்கியே வந்துவிட்டார். "ரெண்டுதானா? போன வாரம் ஆறு சொன்னியே! கெட்டிக்காரிடி நீ" என்று கட்டிக்கொண்டார். அந்தப் பெண் அடுத்த மாதத்துக்குள் சுத்தமாக விட்டுவிட்டாள். அந்தப் பஸ் போய், அடுத்த பஸ் வரும்வரை ஒரு மணி நேரம் மூவரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம்.

நம்புகிறவரிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்ன முடியாது. அதுதான் அவருடைய வைத்தியம். வேண்டுமென்றே செய்தாரா, பிறவியே அப்படித்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. எத்தனையோ பேர் அப்படித் திருந்தினார்கள். திருந்தாமல் தின்று செரித்தவள் நான் ஒருத்திதான்.

என் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. எனக்குப் பதினாறு வயதில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாள் வலி. குழந்தை பெரிது, எலும்பில் மாட்டிக்கொண்டது என்றார்கள். மீன் ஏற்றும் வேனில் படுக்கவைத்து மதுராந்தகத்துக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில். பாதி வழியிலேயே என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும், "புள்ள சின்னதா இருந்தா பொழச்சிருப்பா" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

எனக்கு வயிற்றில் தங்கியபோது வயது இருபது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் படுவதுபோல நடித்தேன். நர்சம்மா வயிற்றைத் தட்டிக் கேட்டார், பீடிக்கட்டைக் கேட்டார், கொடுத்தேன். நிஜமாகவே கொடுத்தேன். விட்டுவிடத்தான் நினைத்தேன். மூன்று நாலு வாரம் விட்டும் இருந்தேன். இது சத்தியம்.

புதன்கிழமைகளில் ஊசி போடும் நாள். மாசமாக இருக்கிற எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவார். ஒரு புதன்கிழமை, யார் கூடையிலிருந்தோ இரண்டு மீனை எடுத்தார். ஒன்று கை நீளத்துக்கு, இன்னொன்று விரல் நீளத்துக்கு. "பீடி குடிக்காத அம்மாவோட புள்ள இது" என்று பெரியதைக் காட்டினார். "புகை உள்ள போச்சுன்னா புள்ளைக்கு ரத்தம் சரியாப் போகாது, சத்துப் போகாது. இப்படிச் சின்னதாப் பொறக்கும்" என்று சிறியதைத் தூக்கிக் காட்டினார்.

எல்லாப் பெண்களும், "ஐயய்ய!" என்றார்கள். எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. சின்னதாப் பொறக்கும். அவ்வளவுதானே எனக்கு வேண்டும்! அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்கள், இப்படி ஒரு முட்டாள் உண்டா என்பீர்கள். உண்டு. பத்தாவது வரை படித்த முட்டாள். சத்து இல்லாமல் சின்னதாவது என்றால் என்ன என்று யோசிக்கவில்லை. சின்னது, சுலபமாக வெளியே வரும், நான் சாகமாட்டேன். அதற்குமேல் என் புத்தி நகரவில்லை.

முன்பு நாளைக்கு நாலு குடித்தவள், பத்து குடித்தேன். ருசிக்காக இல்லை. மாத்திரை சாப்பிடுவதுபோல வேளாவேளைக்குக் குடித்தேன். ஆறாம் மாதத்தில் பீடி வாடை பட்டாலே வாந்தி வந்தது. வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, மறுபடி பற்றவைத்தேன். கரையில் கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில் நடக்கும் இந்தக் கூத்து. வீட்டிலும் தெரியாது. குப்பத்தில் எல்லார் கையிலும் மீன் வாடை, அதற்குமேல் வேறு எந்த வாடை தெரியும்?

நர்சம்மா வாராவாரம் கேட்டார்.

"பீடி?"

"தொடவே இல்லம்மா."

"நீ சொன்னா சரிதான்" என்று என் தலையைக் கோதுவார். "கஷ்டமா இருக்காடி?"

"இல்லம்மா."

"பிரசவத்த நெனச்சுப் பயமா இருக்கா?"

ஒருமுறை இப்படிக் கேட்டார். அக்கா கதை அவருக்குத் தெரியும். நான் பல்லைக் காட்டி, "எனக்கென்னாம்மா பயம்" என்றேன். அதையும் நம்பினார். அந்த ஒரு தடவை மட்டும் நம்பாமல், பொய் சொல்லாதடி என்று ஒரு அறை விட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவருடைய அந்த நல்ல குணத்தின் மேல் எனக்கு ஆத்திரமும் உண்டு. மறைப்பானேன்?

ஆறாம் மாதக் கடைசியில் டேப்பை வயிற்றில் வைத்து அளந்தவர், மறுபடி அளந்தார். முகம் மாறிவிட்டது. "மாசத்துக்குத் தகுந்த வயிறா இல்லியே" என்றார். அடுத்த வாரமே என்னைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையின் வளர்ச்சி நாலு வாரம் பின்தங்கியிருக்கிறது என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குப்பத்துப் பொண்ணா? பீடி, சுருட்டு உண்டா?"

நான் வாயைத் திறக்குமுன், "இல்ல டாக்டர். விட்டுட்டா. மூணாம் மாசத்துலேயே விட்டுட்டா. நான் சொல்றேன்" என்றார் நர்சம்மா.

"அவ சொன்னா நீங்க நம்பிடுவீங்களா சிஸ்டர்?"

"நானே நம்பலன்னா, அப்புறம் எதுக்கு டாக்டர் அவ எங்கிட்ட உண்மையச் சொல்லப்போறா?"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு அட்டையில், புகைப்பழக்கம் இல்லை என்று எழுதினார். ரத்தம் குறைவாக இருக்கலாம், வேறு காரணம் தேடவேண்டும், எட்டு நாள் கழித்து மறுபடி வரவேண்டும், சத்தாகச் சாப்பிடவேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நர்சம்மா என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தார். என் கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கோ, நாலு வாரம் சின்னது என்று சொன்னது திரும்பத் திரும்பக் காதில் கேட்டு உள்ளுக்குள் சிரிப்பு. அடக்கப் பார்த்தும் உதட்டில் வந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிட்டார். "தைரியசாலிடி நீ" என்றார். கண்ணில் நீர் நின்றது அவருக்கு.

அதிலிருந்து தினமும் வந்தார். முட்டை, கேழ்வரகுக் கஞ்சி, முருங்கைக்கீரை என்று தன் அறையில் சமைத்து எடுத்து வந்து, நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை மறைந்ததும் நான் படகு மறைவுக்குப் போனேன். அந்த முட்டையின் ருசி வாயிலிருந்து போவதற்குள்.

மறு ஸ்கேனுக்குப் போக இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் வலி எடுத்துவிட்டது. நர்சம்மாதான் வேன் பிடித்தார். இந்த முறை வேனில் தலை அவர் மடியில், என்னுடையது. செங்கல்பட்டு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. அலுங்காமல், நோகாமல். வலி என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றும் இல்லை. நான் கேட்டபடியே நடந்தது.

பெண் குழந்தை. துணியை விலக்கிக் காட்டினார்கள். என் உள்ளங்கையில் தலை, மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கால். விரல்கள் நெத்திலி முள் அவ்வளவு இருந்தன. அழக்கூட அதற்குத் தெம்பில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நிமிஷத்தில்தான். ஐயோ என்று கத்தினேன். எல்லாரும் வலியென்று நினைத்தார்கள்.

அங்கிருந்த டாக்டர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள், பொய் சொல்லமாட்டேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நாலு நாள் இருந்தாள். நர்சம்மா ஊருக்குப் போகாமல் வராந்தாவிலேயே கிடந்தார். எனக்குப் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிட்டது. அவர்தான் பிழிந்து எடுத்து, கொட்ட மனசில்லாமல் கிண்ணத்தோடு நின்றார். "நான் எங்கடி விட்டேன்? பிரஷர் பாத்தேன், ரத்தம் பாத்தேன், எங்க விட்டேன்?" என்று என்னையே கேட்டார். நாலாம் நாள் காலையில் குழந்தையைத் துணியில் சுற்றி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சிசு இறந்தால் விசாரணைக்கு வருவார்கள். அதிகாரி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், மாமியார். நர்சம்மா வாசற்படியில் குற்றவாளிபோல் நின்றார்.

"உண்மையைச் சொல்லும்மா. பீடி குடிச்சியா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். கடவுளுக்குத் தெரியும். அதற்குள் நர்சம்மா முன்னால் வந்துவிட்டார். "சார், பெத்துப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்கா. அவகிட்ட அதக் கேக்காதீங்க. அவ எப்பவோ விட்டுட்டா. தப்பு என்மேல. அஞ்சாம் மாசமே வயிறு சரியில்லன்னு எனக்குத் தோணுச்சு. அப்பவே அனுப்பியிருக்கணும், அசட்டையா விட்டுட்டேன்."

"உன்னைத்தாம்மா கேக்கறேன்" என்றார் அதிகாரி என்னிடம்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"வுட்டுட்டேன் சார்" என்றேன்.

நர்சம்மாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. அதற்கப்புறம் அவருக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. அளந்ததையே மூன்று தரம் அளந்தார். யாருக்குக் கொஞ்சம் வயிறு சிறுத்திருந்தாலும் செங்கல்பட்டுக்கு ஓடினார். விரலால் தட்டி, யாரு வூட்ல என்று கேட்பது நின்றுபோனது. சில மாதத்தில் அவரே எழுதிக்கொடுத்து, ஊசி மருந்துகளைக் குளிரில் அடுக்கி வைக்கிற அறைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மனுஷர்களைத் தொடவேண்டாத வேலை.

அவருக்குப் பிறகு வந்த நர்ஸ் கெட்டிக்காரி. வாயை ஊது என்று மோந்து பார்ப்பார். பெண்கள் கொத்தமல்லியை மென்றுவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் விடவில்லை. என் ஒரு பொய்யால் எத்தனை வயிற்றில் புகை போனது என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நான் அப்புறம் பீடியைத் தொடவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு மகன் பிறந்தான், நல்ல கனம். ஒன்றும் ஆகவில்லை எனக்கு. பெரிய பிள்ளை பெற்றும் சாகவில்லை. அதைவிட அந்தக் குழந்தைக்கு நான் செய்த துரோகத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா? அங்கன்வாடியில் வேலை கிடைத்தது. வருகிற மாசமான பெண்களிடம் என் கதையை அப்படியே சொல்லத் தொடங்கினேன். என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். ஒரு வருடம் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார். சொல்லவேண்டிய ஒருத்தரிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். நர்சம்மா ரிட்டையர் ஆகி வீட்டோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, விசாரித்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும், "தேசம்மா!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். முடி முழுக்க வெளுத்திருந்தது. மகனைப் பற்றிக் கேட்டார், காபி போட்டார், பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் தரையில் இறங்கி அவர் காலருகே உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, இரண்டு மீன், படகு மறைவு, பத்துப் பீடி, பஸ்ஸில் வந்த சிரிப்பு, முட்டை தின்ற வாயோடு குடித்தது. ஒன்றையும் விடவில்லை. எத்தனையோ வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்ததுதானே, தடுமாற்றம் இல்லாமல் வந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். அப்புறம் என் தலையில் கை வைத்தார்.

"யாருடி உங்கிட்ட சொன்னது, நான் இன்னும் அதயே நெனச்சுக்கிட்டு இருக்கேன்னு? எம் பொண்ணா?"

"யாரும் சொல்லலம்மா. நெசம்மா."

"பைத்தியம். எனக்கு ஆறுதல் சொல்லணும்னு இவ்ளோ தூரம் வந்து, இல்லாத பழியத் தூக்கித் தலைல போட்டுக்கிறியே. எந்தத் தாயாவது வேணும்னு அப்படிப் பண்ணுவாளாடி? கதை கட்டினாலும் நம்பற மாதிரி கட்டணும்."

"கதை இல்லம்மா! நான்தாம்மா! நான் பொய் சொன்னேம்மா உங்ககிட்ட!"

"அப்ப உன் மொகத்தப் பாத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

எனக்கு வெறியே வந்துவிட்டது. "எம் புள்ள மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தேன். அவர் பாய்ந்து என் வாயைப் பொத்தினார். வயதான கை, ஆனால் அழுத்திப் பொத்தினார். "வாயக் கழுவுடி. பொய்ச் சத்தியம் புள்ளயத் தாக்கும். இருக்கற ஒண்ணு நல்லா இருக்கட்டும்."

அதோடு விட்டுவிட்டேன். பேசி என்ன? அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோறு போட்டார். சாப்பிட்டேன். ஜி.எஸ்.டி. ரோடு வரை கூடவே நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கீழே நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தேசம்மா."

"ம்மா."

"அஞ்சாம் மாசமே உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும்டி. எனக்குத் தோணுச்சு. தோணியும் விட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

இல்லம்மா, இல்லம்மா என்று நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர், சரி சரி, நீ நல்ல பொண்ணு என்பதுபோல் கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களைத் தட்டிக்கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது.